ஃபைல் முழுசாக இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது: டவுன்லோட் செய்த படம், பாட்டு, புத்தகத்தின் லைசென்ஸ்

பெகு_வாசகன்

எல்லோருக்கும் வணக்கம், பர்மாவிலிருந்து எழுதுகிறேன். நாலு சிக்கல்கள். வேர் ஒன்றுதானோ என்று ஒரு சந்தேகம், அதனால் சேர்த்தே கேட்கிறேன்.

(அ) ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் மாதச் சந்தா ஆப் ஒன்றிலிருந்து டவுன்லோட் செய்த படங்கள், மெமரி கார்டில் சுமார் 40 ஜிபி. அதே கார்டை வீட்டிலுள்ள இன்னொரு போனில் போட்டால் ஃபைல்கள் தெரிகின்றன, எந்தப் பிளேயரும் ஓட்டுவதில்லை. அந்தப் போனிலும் அதே ஆப்பை ஏற்றி அதே கணக்கில் நுழைந்தாயிற்று. ஆப்புக்கு அந்தப் படங்கள் இருப்பதே தெரியவில்லை.

(ஆ) கரண்டும் லைனும் (இணையமும்) இல்லாத நாட்களுக்கென்று எடுத்து வைத்த படங்களில் பாதி 'காலாவதி' என்கின்றன. ஒருமுறைகூடப் பார்க்காதவையும் அதில் உண்டு. இன்னொரு வேடிக்கை: லைன் வந்தபின் வாடகைப் பட ஆப் ஒன்றில் புதிதாக எடுத்த படம் உடனே ஓடாது, அரை மணி கழித்துத் தானாகவே ஓடுகிறது.

(இ) விண்டோஸ் 7 உள்ள பழைய லேப்டாப்பில், 2006, 2007-ல் சிங்கப்பூரில் காசு கொடுத்து வாங்கிய டபிள்யூஎம்ஏ (விண்டோஸ் மீடியா ஒலி ஃபைல்) பாட்டுகள் சுமார் 600. அதில் இன்னும் பாடுகின்றன. விண்டோஸ் 11 லேப்டாப்புக்குக் காப்பி செய்தால் பாடுவதில்லை. விற்ற கடை இப்போது இல்லை.

(ஈ) வாங்கிய தமிழ்ப் புத்தகம் ஒன்று '.ஏசிஎஸ்எம்' என்று 2 கேபி ஃபைலாக வந்திருக்கிறது. 400 பக்கப் புத்தகம் 2 கேபியில் எப்படி அடங்கும்?

பூட்டை உடைக்க வழி கேட்கவில்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது, முறையாக எதைக் காப்பாற்றலாம் என்று தெரிந்தால் போதும்.

சாவிக்கொத்து

வேர் ஒன்றுதான் ஐயா. ஃபைல் வேறு, லைசென்ஸ் வேறு. டவுன்லோட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு சரக்கு இறங்குகிறது. நம் கண்ணில் படுவது ஒன்று மட்டும்.

முதல் சரக்கு படம். சேவைக்காரரின் சர்வரில் ஏற்றும்போதே ஏஇஎஸ் 128 பிட் முறையில் பூட்டிவிடுவார்கள். ஆளுக்கொரு பூட்டு கிடையாது, எல்லோருக்கும் ஒரே பூட்டிய ஃபைல்தான் போகிறது. அதிலும் முழு ஃபைலையும் பூட்டுவதில்லை. படத்தின் நீளம், ஒலித்தடம் எத்தனை, எந்தக் கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) என்கிற தலைப்பு விவரமெல்லாம் திறந்தே கிடக்கும். காட்சித் தரவில்தான் பூட்டு. 'சிபிசிஎஸ்' என்றொரு முறை இருக்கிறது. அதில் காட்சித் தரவிலேயே 16 பைட் துண்டுகள் பத்துக்கு ஒன்றைத்தான் பூட்டி, ஒன்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பூட்டைத் திறக்கும் வேலை குறைவதால் பேட்டரி மிச்சம். பூட்டிய அந்த ஒரு துண்டு இல்லாமல் மீதி ஒன்பதை வைத்துப் படம் தேறாது. வேறு பிளேயரில் போட்டால் '2 மணி 31 நிமிடம்' என்று நீளத்தைச் சரியாகக் காட்டிவிட்டுத் திரை கறுப்பாகவோ கட்டம் கட்டமாகவோ நிற்பது இதனால்தான். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காப்பி செய்வது வீண் உழைப்பு.

ஃபைலின் தலைப்பில் சாவி இருக்காது. சாவியின் அடையாள எண் மட்டும், 16 பைட்டில், எழுதியிருக்கும். 'இந்த எண்ணுள்ள சாவியை வாங்கி வா' என்று எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி.

இரண்டாவது சரக்குதான் லைசென்ஸ். சில கேபிதான் இருக்கும். அது வரும் வழி இப்படி:

ஆப், ஃபைலிலுள்ள எண்ணை எடுத்துப் போனுக்குள் இருக்கும் டிஆர்எம் (உரிமைப் பூட்டைக் கவனிக்கும்) பகுதியிடம் கொடுக்கும். ஆண்ட்ராய்டில் அது கூகுளின் வைட்வைன், ஆப்பிளில் ஃபேர்ப்ளே, விண்டோஸிலும் பல டிவிகளிலும் மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. அந்தப் பகுதி, அந்த ஒரு சாதனத்துக்கே உரிய சான்றிதழைச் சேர்த்து, கையெழுத்திட்ட ஒரு கோரிக்கையைத் தயாரிக்கும். லைசென்ஸ் சர்வர் நாலைந்து விஷயம் பார்க்கும்: கணக்கில் சந்தா இருக்கிறதா, எந்த நாட்டிலிருந்து கேட்கிறது, எத்தனை சாதனத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இந்தச் சாதனத்தின் பாதுகாப்பு எந்த மட்டம். எல்லாம் சரியென்றால் படத்தின் சாவியை, கேட்ட சாதனம் மட்டுமே பிரிக்கக்கூடிய இன்னொரு பூட்டுக்குள் வைத்து, நிபந்தனைகளையும் எழுதி அனுப்பும். அது போனின் உள் நினைவகத்தில் போய் உட்காரும். மெமரி கார்டுக்கு வரவே வராது.

உங்கள் (அ)வுக்கு விடை இதிலேயே இருக்கிறது. கார்டில் போனது பெட்டி, சாவி டேப்லெட்டில். லைசென்ஸ் ஃபைலை எப்படியோ தோண்டி எடுத்து மற்ற போனில் வைத்தாலும் பயனில்லை, டேப்லெட்டின் பெயருக்கு எழுதியதை அந்தப் போனால் பிரிக்க முடியாது. கார்டில் என்ன இருக்கிறது என்கிற பட்டியலையும் ஆப் உள் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அதனால்தான் மற்ற போனிலுள்ள ஆப் அந்த 40 ஜிபியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே வழி, அந்தப் போனிலேயே ஆப் வழியாக மறுபடி இறக்குவது. டேட்டா வலிக்கும்தான், ஆனால் கார்டிலிருந்து மிச்சம் பிடிக்க வழியில்லை.

இதே காரணத்தால் டேப்லெட்டில் செய்யக்கூடாதவை: ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வது, செட்டிங்ஸில் 'கிளியர் டேட்டா' அழுத்துவது, ஃபேக்டரி ரீசெட். மூன்றுமே லைசென்ஸை அழித்துவிடும். 'கிளியர் கேஷ்' வேறு விஷயம், பொதுவாக லைசென்ஸைத் தொடாது. ஆனால் இரண்டு பொத்தானும் அருகருகே இருக்கும், இருட்டில் விரல் தவறினால் 40 ஜிபியும் அனாதை.

தட்டோன்_தம்பி

(ஆ) பற்றி நான் சொல்கிறேன் அண்ணே. லைசென்ஸில் எழுதும் நிபந்தனைகளில் மூன்று கெடு முக்கியம்:

லைசென்ஸ் கொடுத்த நாளிலிருந்து ஓடும் கெடு. படத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்காத படம் காலாவதியானது இதனால்தான்.

முதல்முறை ப்ளே அழுத்தியதிலிருந்து ஓடும் கெடு. வாடகைப் படங்களில் பெரும்பாலும் 48 மணி நேரம், ப்ளே அழுத்தாமல் வைத்திருக்க 30 நாள். 'சரியாக இறங்கியிருக்கிறதா' என்று சோதிக்க இரண்டு விநாடி ஓட்டினாலும் 48 மணி ஆரம்பமாகிவிடும். வாடகைப் படத்தைச் சோதித்துப் பார்க்காதீர்கள். டவுன்லோட் பக்கத்தில் முழுதாக இறங்கியதற்கான குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஆப் அவ்வப்போது சர்வரிடம் கேட்டாக வேண்டிய கெடு. ஸ்பாட்டிஃபை 30 நாளைக்கு ஒருமுறையாவது லைனுக்கு வரச் சொல்கிறது. மற்ற ஆப்புகளில் இது 7 நாளாகவும் இருக்கலாம், படத்துக்குப் படம் மாறவும் செய்யும். ஒரே ஆப்பில் பாதிப் படம் செத்து பாதி பிழைத்ததற்குக் காரணம், படத்தின் உரிமைக்காரர்கள் ஆளுக்கொரு கெடு கேட்பதுதான்.

நம் ஊருக்கு உதவும் சேதி ஒன்று. புதுப்பிக்க படத்தை மறுபடி இறக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் மட்டும் போதும், அது சில கேபி. ரங்கூன்-மோல்மேன் பஸ்ஸில் இடையில் ஐந்து நிமிடம் லேசாக லைன் கிடைத்தாலும் வேலை முடியும். காலாவதியான படத்தை 'டெலீட்' செய்துவிட்டு மறுபடி இறக்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. முதலில் 'ரினியூ' அல்லது அந்தப் படத்தின் பக்கத்திலுள்ள எச்சரிக்கைக் குறியை அழுத்திப் பாருங்கள். ஆப்பின் முகப்பைத் திறந்தால் போஸ்டர், டிரெய்லர் என்று எம்பி கணக்கில் இறக்கி மெல்லிய லைனை அடைத்துக்கொள்ளும். நேராக டவுன்லோட் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

அரை மணி வேடிக்கைக்கு வருகிறேன். டேப்லெட்டின் நேர மண்டலத்தைப் பாருங்கள். பந்தயம் கட்டுவேன், பாங்காக் என்று இருக்கும்.

லைசென்ஸ் நேரமெல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும். பர்மா யூடிசிக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால், பாங்காக் 7 மணி முன்னால். மண்டலத்தைப் பாங்காக்கில் விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் நம்மூர் நேரத்துக்குத் திருப்பினால் என்ன ஆகும்? மாலை 6:30-க்கு உண்மையான யூடிசி பகல் 12:00. டேப்லெட்டோ 6:30-ல் ஏழு மணியைக் கழித்து 11:30 என்று கணக்குப் போடும். லைசென்ஸில் 'தொடக்கம் 12:00' என்று எழுதியிருந்தால், டேப்லெட்டின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. அரை மணி கழித்துப் பிறக்கும், படமும் ஓடும். மண்டலம் இந்தியா என்று இருந்தால் நேர்மாறு: டேப்லெட் ஒரு மணி முன்னால் ஓடும், சர்வர் மணி குறித்து எழுதிய கெடு ஒரு மணி முன்பே முடியும்.

மருந்து: செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதியில் தானியங்கி நேரம், தானியங்கி மண்டலம் இரண்டையும் போடுங்கள். சிம் இல்லாத டேப்லெட்டில் மண்டலத்தைக் கையால் யாங்கோன் (ரங்கூன்தான்) என்று தேர்ந்தெடுத்து, நேரத்தை மட்டும் தானியங்கியில் விடலாம். கெடுவை நீட்டக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பும் வித்தை பலிக்காது. டிஆர்எம் பகுதி கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கும். பின்னால் போனால் சந்தேகப்பட்டு, சில ஆப்புகளில் எல்லா லைசென்ஸையும் நிறுத்திவிட்டு லைனுக்கு வரச் சொல்லும். பேட்டரி அடியோடு தீர்ந்து பழைய சாதனம் பழைய வருடத்துக்குப் போய் நின்றாலும் இதே கதை. வைஃபையில் இணைத்து நேரம் சரியாகும்வரை ஆப்பைத் திறக்காமல் இருப்பது நல்லது.

வரிசை_எண்

சாவிக்கொத்து சொன்னதில் பாதுகாப்பு மட்டம் என்பதை விரிக்க வேண்டும், மலிவு போன் வாங்குகிறவர்கள் இடறுவது அங்கேதான்.

வைட்வைனில் எல்1, எல்2, எல்3 என்று மட்டங்கள். எல்1-ல் சாவியைப் பிரிப்பதும் படத்தைத் திறப்பதும் சிப்புக்குள் தனியாக அடைத்த பாதுகாப்புப் பகுதியில் நடக்கும். ஆண்ட்ராய்டாலேயே அங்கே எட்டிப்பார்க்க முடியாது. எல்3-ல் எல்லாமே மென்பொருளில். அதனால் பெரிய சேவைகள் எல்3 சாதனத்துக்கு ஹெச்டி சாவியைத் தருவதில்லை, 480பி அளவோடு நிறுத்திக்கொள்ளும். திரை 1080பி என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்கலாம். 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற சின்ன ஆப்பில் 'செக்யூரிட்டி லெவல்' என்ற வரி. நெட்ஃபிளிக்ஸ் ஆப் இருந்தால் ஆப் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியிலும் தெரியும். பூட்லோடரை (போனைத் தொடக்கிவிடும் நிரலை) திறந்தாலோ வேறு ரோம் (இயங்குதளம்) ஏற்றினாலோ பல போன்கள் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிடும். பிறகு மறுபடி பூட்டினாலும் எல்லா மாடலிலும் எல்1 திரும்புவதில்லை. பர்மிய எழுத்துரு சரியாக வரவேண்டும் என்பதற்காகக் கடையில் ரோம் மாற்றிக் கொடுத்த பழைய போன்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக, பெரும்பாலும் வேறு நாட்டு முகவரியில், இணையத்துக்குப் போகும் வசதி) பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே அது பாதிப் பேரின் போனில் எந்நேரமும் ஓடுகிறது. லைசென்ஸ் கேட்கும் அந்த நொடியில் எந்த நாட்டு முகவரியில் வெளியே வருகிறீர்கள் என்பதைத்தான் சர்வர் பார்க்கும். இறக்கியது ஒரு நாட்டு முகவரியில், புதுப்பிக்கப் போனது வேறொரு நாட்டு முகவரியில் என்றால், அந்த நாட்டில் அந்தப் படத்துக்கு உரிமை இல்லாதபோது மறுத்துவிடும். விபிஎன் என்று தெரிந்தாலே மறுக்கும் சேவைகளும் உண்டு. 'நேற்று ஓடியது இன்று காலாவதி' என்று வரும் புலம்பல்களில், சர்வரை மாற்றி மாற்றிப் போடும் இலவச விபிஎன்னை முதலில் சந்தேகிக்க வேண்டும். சந்தா விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள், பல சேவைகள் விபிஎன் வழியாகப் பார்ப்பதை ஒப்புக்கொள்வதில்லை.

மெமரிகார்டு_மச்சான்

இவ்வளவு எதற்கு? 'டிஆர்எம் ரிமூவர்' என்று தேடினால் ஆயிரம் வருகிறது. கடையில் கார்டைக் கொடுத்தால் எல்லாம் திறந்த ஃபைலாகவே போட்டுத் தருகிறார்கள்.

சாவிக்கொத்து

மச்சான், கடையில் போட்டுத் தருவது உங்கள் ஃபைலின் பூட்டை எடுத்தது அல்ல, யாரோ ஏற்றிய திருட்டுப் பிரதி. கேட்டவர் காசு கொடுத்து வாங்கியதைக் காப்பாற்றக் கேட்கிறார். 1914-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தோடு இந்த நாடு காலம் தள்ளியது போதும் என்று 2019-ல் புதுச் சட்டம் வந்து, 2023 அக்டோபர் 31 முதல் நடப்பில் இருக்கிறது. அதை விட்டாலும், 'ரிமூவர்' என்று இலவசமாக வருவதில் பாதி உங்கள் சந்தா பாஸ்வேர்டுக்குத்தான் குறி வைக்கிறது.

இதில் பழைய தந்திரம் ஒன்று உண்டு, கார்டில் பாட்டு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. டபிள்யூஎம்ஏ, டபிள்யூஎம்வி ஃபைலின் தலைப்பில் 'லைசென்ஸ் எங்கே கிடைக்கும்' என்று ஓர் இணைய முகவரி எழுத இடம் இருக்கிறது. ப்ளே அழுத்தினால் விண்டோஸ் மீடியா பிளேயர் அந்த முகவரிக்குப் போய்ப் பக்கத்தைத் திறக்கும். 2005-லேயே இதை வைத்து 'வைமாட்' என்ற டிரோஜன் பரவியது. பாட்டு மாதிரியே இருக்கும், லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லி ஒரு .இஎக்ஸ்இ-யை இறக்கச் சொல்லும். உண்மையான லைசென்ஸ் ஒருபோதும் .இஎக்ஸ்இ ஆக வராது. பிளேயரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பிரைவசி போய், பயன்பாட்டு உரிமைகளைத் தானாக டவுன்லோட் செய்யும் வரியிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

பழைய_தட்டு

(இ) என் பக்கம். 600 பாட்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அவசரப்பட்டால் இழப்பு.

அந்த டபிள்யூஎம்ஏ ஃபைல்களில் இருப்பது விண்டோஸ் மீடியா டிஆர்எம், பிளேரெடிக்கு முந்தைய தலைமுறை. லைசென்ஸ்கள் பாட்டு ஃபோல்டரில் இல்லை. சி டிரைவில் புரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டிஆர்எம் என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கின்றன, அந்த லேப்டாப்பின் வன்பொருளோடு கட்டுண்டு. ஃபோல்டரைக் காப்பி செய்து வேறு கணினியில் வைத்தால் பிரியாது. மீடியா பிளேயர் 9, 10 பதிப்புகளில் லைசென்ஸை பேக்கப் எடுக்கும் வசதி இருந்தது, 11-ல் எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-ன் 2016 ஆனிவர்சரி அப்டேட்டோடு இந்த டிஆர்எம்மையே ஓட்டும் திறனை நீக்கியாயிற்று. ஆகவே உங்கள் விண்டோஸ் 11-ல் எந்த ஜென்மத்திலும் பாடாது; கடை உயிரோடு இருந்தாலும் பாடாது.

கடை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் பாட்டுக் கடை எம்எஸ்என் மியூசிக் நல்ல பாடம். 2008 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதுக் கணினிக்கு லைசென்ஸ் தரமாட்டோம் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் 2011 கடைசி வரை நீட்டித்தார்கள். யாஹூ மியூசிக்கும் 2008-லேயே லைசென்ஸ் சர்வரை நிறுத்தியது. ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கிய கணினியில் பாட்டு தொடர்ந்து பாடும். புதுக் கணினிக்கு மாற்றத்தான் வழி அடைபட்டது. நீங்கள் நிற்பது அதே இடத்தில்.

அதனால் பழைய லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டாம், 10-க்கு அப்கிரேடு செய்ய வேண்டாம், மதர்போர்டையோ ஹார்ட் டிஸ்க்கையோ மாற்ற வேண்டாம், வேலை முடியும்வரை. கரண்ட் வரும் நேரம் பார்த்து இன்வெர்ட்டரிலோ மெயினிலோ மட்டும் ஓட்டுங்கள். பேட்டரி போன லேப்டாப் சிடி எழுதும் நடுவில் அணைந்தால் ஒரு தடவை உரிமை வீண்.

எந்த உரிமை? பாட்டின் மேல் வலது கிளிக், பிராபர்டீஸ், 'மீடியா யூசேஜ் ரைட்ஸ்' பக்கம். காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளில் அனேகமாக 'ஆடியோ சிடியில் எழுதலாம், இத்தனை தடவை' என்று இருக்கும். அது உங்களுக்கு விற்ற உரிமை, உடைப்பு அல்ல. சந்தாவில் கிடைத்த பாட்டுகளுக்கு அந்த வரி இருக்காது, அவற்றை மறந்துவிடுங்கள்.

எழுதும் முறை. 80 நிமிட சிடியில் ஐந்து நிமிடப் பாட்டு 16 அடங்கும். 600-க்கு 38 தட்டு ஆகிறது. சிடி-ஆர் அத்தனை வாங்குவதற்குப் பதில் நல்ல சிடி-ஆர்டபிள்யூ இரண்டு போதும்: எழுது, புதுக் கணினியில் ரிப் செய் (தட்டிலிருந்து பாட்டை ஃபைலாக எடு), அழி, மறுபடி எழுது. பிளேயரின் 'பர்ன்' பக்கத்தில் 'ஆடியோ சிடி' தேர்வாகியிருக்க வேண்டும். 'டேட்டா சிடி' என்று இருந்தால் பூட்டிய ஃபைலே அப்படியே தட்டில் போய் உட்காரும், ஒரு பயனும் இல்லை. வேகத்தைக் குறைத்து வையுங்கள். முதல் தட்டில் நாலு பாட்டு மட்டும் எழுதி, ரிப் செய்து, காதால் கேட்டுவிட்டு மீதிக்குப் போங்கள்.

ரிப் செய்வது எம்பி3-யில் அல்ல, ஒலி கழியாத ஃபிளாக் வடிவில். டபிள்யூஎம்ஏ-யில் ஏற்கெனவே ஒருமுறை ஒலி கழிந்திருக்கிறது. எம்பி3 ஆக்கினால் இரண்டாம் முறை கழியும், சிம்பல்ஸும் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் மணல் கொட்டுவது போல் கேட்கும். ஐந்து நிமிடப் பாட்டு ஃபிளாக்கில் சுமார் 30 எம்பி, 600 பாட்டுக்கு 18 ஜிபி, ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' இதற்கு நல்ல கருவி.

ஆடியோ சிடிக்குப் போனால் பாட்டுப் பெயர் தங்காது, 'டிராக் 01' என்றுதான் வரும். தட்டு எழுதுமுன் அதில் போகும் பாட்டுகளின் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையோடு சேமித்து வையுங்கள். 600 பாட்டைக் காதால் கேட்டுப் பெயர் வைக்கிற வேலை எதிரிக்கும் வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்

(ஈ) எளிது ஐயா. ஏசிஎஸ்எம் புத்தகம் அல்ல, புத்தகத்தை வாங்கி வரும் டோக்கன். 2 கேபி என்பது சரியான அளவுதான். அதைப் போனுக்கும் பென் டிரைவுக்கும் காப்பி செய்து வைத்துக்கொண்டு 'புத்தகம் பத்திரம்' என்று நினைப்பவர்கள் அதிகம்.

கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் நிறுவுங்கள். முதலில் ஹெல்ப் மெனுவில் 'ஆத்தரைஸ் கம்ப்யூட்டர்' போய் அடோபி ஐடி கொடுத்து நுழையுங்கள். 'ஐடி இல்லாமல் ஆத்தரைஸ்' என்ற டிக்கைப் போடவே வேண்டாம். போட்டால் புத்தகம் அந்த ஒரு கணினியோடு கட்டப்படும், அது செத்தால் புத்தகமும் சாகும். ஐடியோடு என்றால் ஆறு சாதனம் வரை சேர்க்கலாம். பிறகு ஏசிஎஸ்எம்மை அதில் திறந்தால் உண்மையான ஈபப் அல்லது பிடிஎஃப் இறங்கி, டாக்குமெண்ட்ஸுக்குள் 'மை டிஜிட்டல் எடிஷன்ஸ்' ஃபோல்டரில் உட்காரும். பேக்கப் எடுக்க வேண்டியது அந்த ஃபைலை. அதே ஐடி உள்ள வேறு சாதனத்தில் அது திறக்கும். பழைய கணினியை விற்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றும் சேர்த்து அழுத்தி ஆத்தரைசேஷனை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறில் ஒன்று போயிற்று.

டோக்கனை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அதற்கும் காலக்கெடு உண்டு, கடை மூடினால் டோக்கன் வெறும் காகிதம். மைக்ரோசாஃப்ட் தன் புத்தகக் கடையை 2019 ஏப்ரலில் மூடியது, ஜூலையில் ஏற்கெனவே விற்ற புத்தகங்களும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு. கிண்டிலில் இருந்த, கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26-டன் நின்றது.

தமிழுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்குப் பூட்டே வேண்டியதில்லை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் இரண்டிலும் பூட்டில்லாத கோப்புகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்குமுன் அங்கே இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பூட்டிய புத்தகம் வாங்குவது தப்பில்லை, ஆனால் பத்து வருடம் கழித்துப் பேரன் படிக்க வேண்டும் என்று நினைப்பதை அந்த வடிவில் வாங்காதீர்கள்.

பெகு_வாசகன்

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்த வரை:

தட்டோன் தம்பி பந்தயத்தில் ஜெயித்தார், மண்டலம் பாங்காக்தான். யாங்கோன் ஆக்கியதும் அரை மணித் தொல்லை போயிற்று. காலாவதியான 11 படங்களில் 8 புதுப்பித்ததும் ஓடுகின்றன. 3 படங்களுக்கு 'இப்போது கிடைக்கவில்லை' என்கிறது.

டபிள்யூஎம்ஏ-யில் 540 பாட்டுகளுக்கு 'சிடியில் எழுதலாம், 7 தடவை' என்று வருகிறது. மீதி 60-க்கு அந்த வரியே இல்லை.

ஏசிஎஸ்எம் திறந்துவிட்டது, 3 எம்பி ஈபப்.

புதுக் கேள்வி ஒன்று. டேப்லெட்டைப் பழைய புரொஜெக்டரில் இணைத்தால் ஆப்பின் மெனு தெரிகிறது, படம் தொடங்கியதும் திரை கறுப்பாகி ஒலி மட்டும் வருகிறது. நடுவில் ஹெச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் அடாப்டர் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் போட வேண்டும்.

வரிசை_எண்

3 படங்களின் உரிமை அந்தச் சேவையிடமிருந்து போய்விட்டது, அழித்துவிட்டு இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். அந்த 60 பாட்டுகளுக்குச் சிடியில் எழுதும் உரிமையைக் கடை சேர்த்து விற்கவில்லை போலிருக்கிறது.

கறுப்புத் திரை ஹெச்டிசிபி (கேபிளில் போகும் காட்சியைப் பூட்டும் முறை) வேலை. லைசென்ஸிலேயே 'வெளித்திரைக்குக் கொடுத்தால் ஹெச்டிசிபி இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கும். டேப்லெட், கேபிளின் அந்தப் பக்கம் இருக்கும் கருவியிடம் சான்று கேட்கும். விஜிஏ அனலாக் என்பதால் அதற்குச் சான்று காட்டும் வழியே கிடையாது. சான்று வராததால் காட்சியை மட்டும் நிறுத்திவிடுகிறது. மெனு பூட்டில்லாத சரக்கு, அதனால் தெரிகிறது. ஹெச்டிஎம்ஐ நேரடியாக உள்ள புரொஜெக்டர் வேண்டும். சாதாரண ஹெச்டிக்கு ஹெச்டிசிபி 1.4 போதும், 4கே என்றால் 2.2 கேட்கும். இடையில் ஸ்பிளிட்டர் இருந்தால் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் மண்டபம் என்றீர்களே. சந்தா லைசென்ஸ் வீட்டுக்குள் பார்க்க மட்டும்தான், கூட்டத்துக்குப் போட அல்ல. பிள்ளைகளுக்கென்றால் பொதுவில் காட்ட அனுமதி உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் குறும்படங்களை எம்பி4 ஆக எடுத்து வையுங்கள். அவற்றில் பூட்டு இல்லை. உங்கள் விஜிஏ அடாப்டரிலேயே ஓடும்.